மேட்டுக்கு வராத வண்டி

ஜூலை 4

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் தபாலில் வருகிறேன். தபால்காரரையும் தடுத்து வைப்பாயா, அக்கா?

நேற்று நீ என் ஷெட்டுக்கு வந்து, டிரைவர்கள், கிளீனர், டயர் கழற்ற வந்தவன் எல்லாரும் பார்க்க, "வெட்கமா இல்லையாடா உனக்கு?" என்று கத்திவிட்டுப் போனாய். அது உன் வகுப்பறை என்று நினைத்துக்கொண்டாயா? நீ போனபிறகு, எல்லாரும் மீசை என்று கூப்பிடுகிற என் டிரைவர், சிரிப்பை அடக்க முடியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். என்னிடம் சம்பளம் வாங்குகிறவன்!

உன் குற்றச்சாட்டு என்ன? தூரத்துப் பிள்ளைகளையும் நடக்க முடியாத பிள்ளைகளையும் வீட்டு வாசலில் ஏற்றி உன் பள்ளியில் இறக்கிவிட அரசாங்கம் எனக்குப் பணம் தருகிறது. நான் குவாரி மேட்டுக்கு வண்டியை ஏற்றாமல், கீழே மெயின் ரோட்டு வளைவிலேயே நிறுத்துகிறேன். ஆமாம், நிறுத்துகிறேன். அந்தப் பாதையை நீ பார்த்திருக்கிறாயா? அது பாதையே இல்லை. கல் லாரி போய்ப் போய் மலையில் விழுந்த கீறல். அதில் தினமும் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் பட்டை போகும், சைலன்சர் போகும், டயர் கிழியும். புதுசு நீ வாங்கித் தருவாயா? கல் உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கல்மேல் ஓடுகிறவர்கள். கொஞ்சம் கீழே இறங்கி வந்தால் தேய்ந்துவிட மாட்டார்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? உனக்கு வயிற்றெரிச்சல். பத்தாம் வகுப்பைத் தாண்டாத தம்பியின் பெயர், ஓடும் வண்டிகளின் முதுகில் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. உன் பெயர் எங்கே இருக்கிறது? பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது வாங்கும் சான்றிதழின் அடியில்.

உன் வேலையைப் பார்.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்துப் பயந்துவிடாதே, உனக்குப் பழகியதுதான். ஒற்று வேண்டிய இடத்திலெல்லாம் விட்டிருக்கிறாய், வேண்டாத இடத்திலெல்லாம் போட்டிருக்கிறாய். உன் வண்டி நிற்கும் லட்சணமும் அதுதான்.

அந்தப் பாதையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டாய். பார்த்தேன். சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஏறினேன். இருமுறை இறங்கித் தள்ளினேன். ஆனாலும் ஏறினேன். என் ஸ்கூட்டருக்கு இருக்கிற தெம்பு, உன் பெயரை முதுகில் எழுதிக்கொண்ட வண்டிக்கு இல்லை போலிருக்கிறது.

மேலே ஒரு பெண் இருக்கிறாள். பிறந்ததிலிருந்து இடது கால் சூம்பியது, ஊன்றுகோலோடு நடப்பாள். பிள்ளைகள் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவார்கள். யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள், அப்பீல் கிடையாது. நீ வண்டி அனுப்பாத மேட்டிலிருந்து அவளைத் தினமும் அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். குவாரியில் வேலைக்கான சங்கு முன்கூட்டியே ஊதிவிட்டால் அவரால் இறங்க முடியாது. அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? கல் ஏற்றிய லாரியின் உச்சியில், கல்மேல், அவளை உட்காரவைத்து அனுப்புகிறார்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவள் ஊன்றுகோலால் லாரிக்காரனின் தலைக்குமேல் கூரையைத் தட்டுவாள். அதுதான் அவளுடைய நிறுத்தம்.

"தேய்ந்துவிட மாட்டார்கள்" என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் நான் திருத்தவில்லை. அதற்கு என்னிடம் மை இல்லை.

கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதப் போகிறேன். தம்பி என்பதால் முன்கூட்டிச் சொல்கிறேன். வேறு சலுகை எதையும் எதிர்பார்க்காதே.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

எழுது. தாராளமாக எழுது. பேனா உன்னுடையது, பொழுது போகாமல் இருப்பதும் நீதான்.

விசாரணைக்கு வருகிற அதிகாரி எதில் ஏறி வருவார் என்று யோசித்தாயா? அலுவலக ஜீப் ரிப்பேரில் கிடக்கிறது. என் காரில்தான் வருவார். முன் சீட்டில் குளுகுளுவென்று உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே என்னை விசாரிப்பார். நீ வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்.

நீ திருத்தி அனுப்பிய கடிதத்தை என் மனைவி படித்துவிட்டு, "உங்கக்கா சொல்றதுல தப்பு என்ன?" என்றாள். ஒற்றுப் பிழையைப் பற்றிச் சொன்னாளா, வண்டியைப் பற்றிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வீட்டிலும் ஒரு விசாரணை நடக்கும்.

தம்பி


ஜூலை 30

அக்காவுக்கு,

ஜெயித்தவன் முதலில் எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று விசாரணையில் உன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்கிறேன், பாவமாக இல்லை. உன் அறையில், உன் நாற்காலியில், அதிகாரி உட்கார்ந்திருந்தார். நீ ஓரமாக நின்றாய். குவாரி மேட்டுப் பெற்றோர்கள் வரிசையாக வந்தார்கள். அதிகாரி கேட்டார், "வண்டி மேல வருதா?"

"தினமும் வருதுங்க. வாசலுக்கே வருதுங்க."

இதைச் சொன்னது யார்? உன் ஜட்ஜம்மாவின் அப்பா! தோளில் தூக்கிச் சுமக்கிறார் என்று எனக்கு எழுதினாயே, அதே ஆள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணையே கூப்பிட்டார்கள். ஊன்றுகோலை ஊன்றி நின்றுகொண்டு என்ன தெளிவாகச் சொன்னாள்! "வண்டி வருது சார். டிரைவர் மாமா ஹார்ன் அடிப்பாரு, நாங்க ஏறிக்குவோம்." மீசைக்கே கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் அவன் அந்த மேட்டில் ஹார்ன் அடித்ததில்லை.

உனக்காக உன் ஆட்களே பேசவில்லை. யாருக்காக வாய் கிழியக் கத்தினாயோ, அவர்களே உன்னைக் கை கழுவிவிட்டார்கள். புத்தகம் படித்தவர்களுக்கு இந்த உலகம் கடைசிவரைக்கும் மண்டையில் ஏறாது. போன் தடையை எடுத்துவிடு, கூப்பிட்டே ஆறுதல் சொல்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

விசாரணை முடிந்த மறுநாள் நான் மேட்டுக்குப் போனேன். அந்த அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். அவர் தலையெல்லாம் கல் தூசியோடு தண்ணீர்த் தொட்டியருகில் நின்றார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கோவமா இருப்பீங்கன்னு தெரியும் டீச்சர்" என்றார். "உங்க தம்பியோட ஆளு வந்தாரு. புகார் நிஜம்னு ஆனா வண்டியையே ரத்து பண்ணிடுவாங்களாம். புது வண்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதாம். கீழ வரைக்குமாச்சும் வருதே, டீச்சர். அதையும் இல்லாம பண்ணிடாதீங்க."

ஆக, நீ ஜெயிக்கவில்லை. பாதி வண்டியைக் காட்டி, அதையும் பிடுங்கிவிடுவேன் என்று பயமுறுத்தினாய். பயந்தார்கள். இதற்குப் பெயர் வெற்றி என்றால், வழிப்பறிக்காரன் ஒவ்வொருவனும் தினமும் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

உன் சாட்சியையும் பார்த்தேன். கூனிக் குறுகி நிற்பாள் என்று நினைத்தேன். ஓடாத குறையாக வந்தாள். "டீச்சர், சார் அப்படியே நம்பிட்டாரு பாத்தீங்களா? ஹார்னு நானே சேத்துக்கிட்டது. நல்லாச் சொன்னேன்ல?" என்றாள். பள்ளியில் நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கணக்கும் இலக்கணமும். நீ சொல்லிக்கொடுத்தது இது. உன் பாடம்தான் அவளுக்கு நன்றாக ஏறியிருக்கிறது.

அந்த அதிகாரியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். மேடு வரைக்கும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களேம்மா" என்ற மனிதர் அவர். உன் டீயை அவர் குடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இருவரும் ஒரே டம்ளரில் குடித்திருக்கலாம்.

தடையை எடுக்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

இன்று காலை சங்கு முன்னதாகவே ஊதிவிட்டது. ஜட்ஜம்மா கல் லாரியிலிருந்து விழுந்தாள்.

அவளுக்கு நல்ல கால் என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் மாவுக்கட்டுக்குள்.

வேறு எழுதத் தோன்றவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

கேள்விப்பட்டதும் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக நீ நினைக்கிறதையெல்லாம் என் தலையில் கட்ட முடியாது.

விழுந்தது என் வண்டியிலிருந்து இல்லை. லாரி குவாரிக்காரனுடையது, பாதை குவாரிக்காரனுடையது, சங்கும் அவனுடையது. அவனுக்கு ஒரு கடிதம் எழுதேன், பார்ப்போம். எழுத மாட்டாய். அவன் உன் தம்பி இல்லையே!

வக்கீலைக் கேட்டேன். வண்டி தினமும் மேலே வருகிறது என்று அந்த அப்பாவே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். வாசலுக்கு வண்டி வரும்போது லாரியில் ஏற்றியது அவருடைய பொறுப்பு என்றுதான் சட்டம் சொல்லும் என்கிறார். நான் சொல்லவில்லை, வக்கீல் சொல்கிறார். பள்ளி சார்பில் நீ ஏதாவது எழுதிக் கொடுத்தால், "பள்ளி வண்டி" என்ற வார்த்தை அதில் வராமல் பார்த்துக்கொள். உனக்கும் அதுதான் நல்லது.

பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் சொல். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் மாதிரி.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

உன் வக்கீலுக்கு இனி வேலை இல்லை. காசே வாங்காமல் உனக்காக வாதாட இன்னொருவர் வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எப்படி விழுந்தா?"

ஜட்ஜம்மாவின் அப்பா சொன்னார், "வீட்டுப் படியில தவறி விழுந்துடுச்சுங்க."

நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர்கள் குடிசைக்குப் படியே இல்லை. வாசல் என்று சொல்லத்தக்க இடத்தில் ஒரு கல் கிடக்கும், அவ்வளவுதான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "படியில விழுந்தா எலும்பு இப்படி நொறுங்குமா?" என்றார்.

"கொஞ்சம் உயரமான படிங்க."

வெளியே வராந்தாவுக்கு அவரை இழுத்து வந்து, "ஏன் இப்படிச் சொன்னீங்க?" என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "லாரின்னு சொன்னா, ஏன் லாரில ஏத்துனன்னு கேப்பாங்க. வண்டி மேல வரலன்னு சொல்லணும். அப்புறம் வண்டிய நிறுத்திடுவாங்க டீச்சர். இவ எந்திரிச்சு வந்ததும் எப்படி அனுப்புவேன்?"

புரிகிறதா உனக்கு? மேட்டுக்கு வராத ஒரு வண்டியைக் காப்பாற்ற, ஒரு தகப்பன், வலியில் கத்திக்கொண்டிருக்கும் மகளின் தலைமாட்டில் நின்று பொய் சொல்கிறான். நீ அவர்களுக்கு ஏதாவது நல்லது செய்திருந்தால்கூட உன்னை இந்த அளவுக்குக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள்.

ஆரஞ்சு வேண்டாம். இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 12

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

போன மாதமே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அன்போடு போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆள் பிற்பாடு பேச்சை மாற்றி வழக்கு கிழக்கு என்று வந்துவிடக் கூடாதே என்று பார்த்து வரத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல். அதைத் தன் துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். தான் சுவரோரம் நின்றுகொண்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "முதலாளி, இவ எந்திரிச்சதும் அனுப்பிடறேன். அது வரைக்கும் வண்டியில இவ எடத்த எடுத்துடாதீங்க" என்றார்.

என்னைக் கும்பிட ஆள் இல்லாமல் இல்லை, அக்கா. கும்பிடுகிற ஒவ்வொருவனுக்கும் என்னால் ஏதாவது காரியம் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் இனிமேல் ஆகும். இந்த ஆள் எதற்காகக் கும்பிடுகிறார்? எனக்கு அந்த ஸ்டூலில் உட்காரவே முடியவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவன் வேறு, ஏதோ பெரிய மகான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தான்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் டீச்சர் தம்பியா? உங்க வண்டியால மேல ஏற முடியாதாமே. எங்கப்பா என்னையும் தூக்கிக்கிட்டு ஏறுவாரு."

வாய்க்கொழுப்பு. முழுக்க முழுக்க உன் வளர்ப்பு.

திரும்பி வந்து மீசையிடம், மேட்டுக்கு வண்டியை ஏற்று என்றேன். "வேற ஆளப் பாருங்க முதலாளி" என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டான். மற்றவர்கள் அதற்குள் காணாமல் போயிருந்தார்கள். முதலாளி என்கிற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை நானே எடுத்தேன்.

முதல் நாள் பாதி மேட்டில் வண்டி நின்று, பின்னால் உருண்டது. நான் கத்தின கத்தலில் குவாரியில் வேலை நின்றுவிட்டதாம். பிள்ளைகள் கல் எடுத்து வந்து டயருக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒரு பொடியன், "அண்ணே, கிளட்ச்சை ரொம்ப மிதிக்காதீங்க" என்கிறான். உன் பிள்ளைகள் சுத்தமாகக்கூட இல்லை. சீட்டெல்லாம் வெள்ளைத் தூசி. ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஸ்பிரிங் பட்டை நான் சொன்னபடியே போய்விட்டது. மாற்றிக்கொண்டு மறுநாளும் போனேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். நேற்றிலிருந்து மாவுக்கட்டோடு அந்த ஜட்ஜம்மாவும் முன் சீட்டில் உட்கார்ந்து, எந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

மனம் திருந்திவிட்டான் என்று பள்ளியில் பரப்பாதே. ஒன்று மட்டும். உன் பள்ளி ஆண்டு விழா வருகிறதாமே? முதலாளியே தன் கையால் வண்டி ஓட்டி ஏழைப் பிள்ளைகளை அழைத்து வருகிறார் என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் தப்பில்லை. நிருபர் ஒருவரைத் தெரியும், படம் எடுக்க வருவார்.

தம்பி


அக்டோபர் 17

தம்பிக்கு,

நிருபருக்கு வேறு வேலை பார்த்துக் கொடு. மேடை கிடையாது, படம் கிடையாது, ஒரு வார்த்தையும் கிடையாது. சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இலையைப் போடாமலே இருந்தவன், ஒரு நாள் இலையைப் போட்டுவிட்டு மாலை கேட்கிறான். ஏழைப் பிள்ளைகளை நீ அழைத்து வரவில்லை. அரசாங்கம் அழைத்து வருகிறது, நீ அதற்குக் கூலி வாங்குகிறாய். இத்தனை மாதம் வாங்கிய கூலிக்கு இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறாய். அதைத் தம்பட்டம் அடித்தால், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். மற்றவர் கேட்காவிட்டால் நான் கேட்பேன், அதே மேடையில்.

ஸ்பிரிங் பட்டை போனதற்கு அனுதாபம் எதிர்பார்க்கிறாய். ஒரு பெண்ணின் எலும்பு போனதற்கு நீ ஆரஞ்சு கொடுக்கப் பார்த்தாய். உன் வண்டிக்கு வேண்டுமானால் நானும் இரண்டு ஆரஞ்சு வாங்கித் தருகிறேன்.

நேற்று அந்த அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். "உங்க தம்பி தங்கமான மனுஷன் டீச்சர்" என்றார். எனக்கு இருக்கிற ரத்தம் எல்லாம் தலைக்கு ஏறியது. அவரை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மறுபடி சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அது அவன் வண்டி இல்லைங்க. உங்க வண்டி" என்றேன். "உங்க பொண்ணுக்காக அரசாங்கம் காசு கொடுக்குது. இவன் வெறும் டிரைவர். நீங்க கும்பிட வேண்டியதில்ல. வரலன்னா ஏன் வரலன்னு கேக்கணும். லேட்டா வந்தா ஏன் லேட்டுன்னு கேக்கணும். கேட்டா வண்டிய நிறுத்திடுவேன்னு சொன்னான்னா, என்கிட்ட வாங்க. இந்தத் தடவை நீங்க உண்மையச் சொல்லுங்க, நான் கூட நிக்கறேன்."

நான் ஏதோ வேடிக்கை பேசுவதுபோல அவர் சிரித்தார். "முதலாளிகிட்டயா? நானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீ அவரை அந்த நிலையில் வைத்திருக்கிறாய். அதற்காக நான் உன்னை மன்னிப்பதாக இல்லை.

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

நீ அந்த ஆளுக்கு என்ன மந்திரம் போட்டாய்?

இன்று வழியில் டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் குவாரிச் சங்கு ஊதிவிட்டது. வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அங்கே நின்றது. நடுவில் உன் ஜட்ஜம்மாவின் அப்பா, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். வழக்கமாகக் கும்பிடுவார், நானும் வழக்கம்போல் வேறு பக்கம் பார்க்கத் தயாராக இருந்தேன்.

கும்பிடவில்லை. மகளை முன் சீட்டில் இறக்கி உட்காரவைத்தார். அவள் காலை மெதுவாக உள்ளே எடுத்து வைத்தார். அப்புறம் என் ஜன்னலுக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் லேட்டு?" என்றார்.

அவ்வளவுதான். முதலாளி இல்லை, ஐயா இல்லை, ஒரு "ங்க" கூட இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். என்னிடம் இப்படி ஒரு கேள்வியை நம் அப்பாவுக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. இறங்கி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"பஞ்சர் ஆயிடுச்சுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பாதி வழி வரைக்கும் உன் ஜட்ஜம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், சிரிக்கக்கூட இல்லை.

"ங்க" போட்டுவிட்டேன், அக்கா.

தம்பி